அச்சத்தின் வரவு: திகிற்படத் தொடக்கமும் மட்டக்களப்புக் கூத்துக்களரியும்

மெய்ப்பாடுகளை எட்டென வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் ஒன்றாகிய அச்சத்துக்கு நிலைக்களன் நான்கெனக் கூறினார். அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன அவை. அணங்கு என்பது பேயும் பூதமும் முதலாகக் கண்ணுக்கு எளிதிற் புலனாகாத ஆற்றல்கள். விலங்கு என்பது அரிமா முதலிய கொடியன. கள்வர் என்பார் தீத்தொழில் புரிவோர். இறை என்பதனுள் அரசனையன்றித் தந்தையையும் ஆசிரியரையும் அடக்கிப் பொருள் கொண்டனர் உரைகாரர். இறுதியிற் சுட்டிய பொருளைக் கல்லூரி மாணவர் எவரும் மறுத்துரையார் என்று கொள்ளலாம்.

இந்நான்கு பகுப்பும் இக்காலத்துத் திகிற்படங்களுக்கு அப்படியே பொருந்திவருதல் கருதத்தக்கது. பேய்ப்படங்கள் அணங்கின்பாற்படும். ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் 1975இல் எடுத்த ‘ஜோஸ்’ என்னும் சுறாமீன் படம் விலங்கின்பாற்படும். அல்பிரட் ஹிச்கொக்கின் ‘சைக்கோ’ (1960), ஜோன் கார்ப்பென்டரின் ‘ஹலோவீன்’ (1978) என்பவை கொலைஞரைப் பற்றியன ஆதலின் கள்வர் என்ற வகையுள் அடங்கும். இறை என்ற வகைக்கு மேனாட்டுப் படங்களில் இடமில்லை போலும் என்று முதற்கண் தோன்றும். ஆயின் 1922இல் மூர்னோ என்னும் செருமானிய இயக்குநர் ஆக்கிய ‘நொஸ்பெராட்டு’ என்ற மௌனப்படத்தில் மனிதரின் குருதியைக் குடிப்பவன் ஒரு கோட்டைக்குரிய கோமகனே. அங்கு அணங்கும் இறையும் ஓருருவில் நிற்கின்றன.

தொல்காப்பியர் கூறியது எதனை அஞ்சுவர் என்பது. எவ்வாறு அஞ்சுவிக்கலாம் என்பது நாடகஞ் செய்வோனுக்கும் படம் எடுப்போனுக்கும் உரிய வினா. சிங்கத்தைத் திடீரெனக் காட்டினால் காண்போன் துள்ளி எழுவான். மறுகணமே நகைத்து அமர்வான். அஃது அதிர்ச்சி. திகிற்படத்தின் உயிர் அதிர்ச்சியன்று. அதற்கு முன்னுள்ள நேரத்தை நிரப்பும் பதகளிப்பே ஆகும். ஹிச்கொக் இவ்வேற்றுமையை விளக்குதற்கு ஓர் எடுத்துக்காட்டைப் பலகாலும் கூறுவார். மேசையொன்றைச் சுற்றிச் சிலர் இருந்து உரையாடுகின்றனர். மேசையின் கீழே குண்டு ஒன்று உள்ளது. அஃது இருப்பதைப் பார்ப்போர் அறியாராயின், வெடிக்கும் பொழுதில் சில நொடி அதிர்ச்சியே கிட்டும். குண்டு உள்ளதையும் அது வெடிக்கும் நேரத்தையும் பார்ப்போர் முன்னரே அறிந்திருப்பின், பயனற்ற அவ்வுரையாடலே கால்மணி நேரம் நெஞ்சைப் பிடித்து நிறுத்தும். ஆகவே அச்சம் அறியாமையிற் பிறப்பது என்னும் பொதுக்கருத்து முற்றும் உண்மையன்று. சிறிது அறிதலும் மிகுதி அறியாமையும் சேருமிடத்திலேயே பதகளிப்புத் தோன்றுகிறது. அச்சிறிதளவு அறிவைப் பார்ப்போர்க்குக் கொடுத்தலே முதற்காட்சியின் கடமை.

அவ்வறிவைச் சொல்லாமலே கொடுப்பதற்கு உதவுவன மரபுகள். நள்ளிரவு, மழை, ஆளரவமற்ற சாலை, பாழ்மனை, அணையும் விளக்கு, நாயின் ஊளை ஆகியவை முன்னர் வந்த நூறு கதைகளின் எச்சங்கள். காண்போன் அவற்றைக் கண்டமாத்திரத்தே இன்ன வகைக் கதைக்குள் தான் புகுந்துவிட்டதை உணர்கிறான், கதைமாந்தன் உணர்வதில்லை. இவ்விருவர் அறிவுக்கும் இடையேயுள்ள இடைவெளி அகலும் அளவுக்குப் பதகளிப்பும் மிகும். பழகிப்போன மரபு பயனற்றது என்று இகழ்வோர் இதனை நோக்குவதில்லை. எதிர்பார்ப்பு என ஒன்று இருத்தற்கே பழக்கம் வேண்டும்.

இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு 1964இல் ராஜ் கோஸ்லா இயக்கிய ‘வோ கௌன் தீ’ என்னும் இந்திப்படத்தின் தொடக்கம். இப்படமே 1966இல் ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடிக்க ‘யார் நீ?’ எனத் தமிழில் வந்தது. மருத்துவன் ஒருவன் பெருமழை பெய்யும் இரவில் தனியே காரோட்டி வருகிறான். நடுச்சாலையில் வெள்ளுடை உடுத்த பெண்ணொருத்தி நிற்கிறாள். அவளை ஏற்றிக்கொள்கிறான். சிறிது தொலைவில் கண்ணாடியின் மழைநீரைத் துடைக்கும் கருவி நின்றுவிடுகிறது, வழி தெரியவில்லை. அப்பெண்ணோ வழி தனக்குத் தெரிகிறதெனக் கூறி வண்டியைச் செலுத்துவிக்கிறாள். அவள் இறங்கும் இடம் இடுகாடு. அதன் கதவம் தானே திறக்கிறது.

இக்காட்சியின் கட்டமைப்பை நோக்குதல் வேண்டும். மழை, அம்மருத்துவனை உலகத்தினின்றும் பிரித்துவிடுகிறது. அவன் மருத்துவனாதலும் காரணத்தோடு அமைந்ததே. அறிவியல் கற்றவன் பேயை நம்பான் ஆதலின் அவன் காண்பது பொய்த்தோற்றமாகாது எனப் பார்ப்போர் கொள்வர். பிறகு அவன் கண்பார்வை பறிக்கப்படுகிறது. துடைக்கும் கருவி பழுதுறுதல் எங்கும் நிகழத்தக்க சிறு நிகழ்ச்சி, அதில் பேய்த்தன்மை ஏதுமில்லை. அடுத்து, அவன் இழந்த பார்வை அவளிடம் இருப்பது வெளிப்படுகிறது. இப்பொழுதும் கைகூப்பி வணங்கத்தக்க அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. ஆயினும் வண்டியைச் செலுத்துபவன் அவன் அல்லன் என்பது தெளிவாகிவிட்டது. கதவம் தானே திறப்பது ஒன்றே இயற்கைக்கு மாறானது. அது காட்சியின் ஈற்றில் வைக்கப்பட்டுள்ளது. இயல்பானவற்றை நான்கு படியாக அடுக்கி, ஐந்தாம் படியில் மட்டும் இயல்பை மீறுதலே இத்தொடக்கத்தின் கணக்கு. ஐந்தாவதை முதலில் வைத்திருந்தால் அது வெறும் மாயவித்தையாகிவிடும்.

தமிழ்ப்பார்ப்போனுக்கு இதில் இன்னுமொரு பங்கு உண்டு. வெள்ளுடையும் விரிகூந்தலுமாக இரவில் வழிமறிக்கும் பெண்ணை மோகினி என்று பெயரிட்டுப் பாட்டிமார் சொன்ன கதை அவன் உள்ளத்தில் உள்ளது. படம் அதனை உருவாக்கவில்லை, எழுப்பிவிடுகிறது. இப்படத்தின் பேய் முடிவில் மானிடரின் சூழ்ச்சியாகவே விளக்கப்படுகிறது. 1951இல் வந்த ‘மர்மயோகி’யிலும் அங்ஙனமே, அதன் ஆவிக்காட்சிகளுக்காகத் தமிழ்ப்படமொன்றுக்கு முதன்முறையாக வயதுவந்தோர்க்கு மட்டும் என்ற சான்றிதழ் வழங்கப்பட்டதெனினும், அந்த ஆவி உண்மையில் உயிருள்ள மனிதனே. முடிவில் பேயை மறுத்துரைக்கும் படங்கள் தொடக்கத்தில் பேயைக் கடன்வாங்கத் தயங்கியதில்லை.

இனி மட்டக்களப்புக்கு வருதல் தகும். வாவியின் இருகரை ஊர்களிலும் வழங்கிவரும் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் வட்டக்களரியில் விடியுமளவும் ஆடப்படுவன. மக்கள் நாற்புறமும் சூழ்ந்திருக்க, அண்ணாவியாரும் மத்தளமும் சல்லரியும் பிற்பாட்டுக்காரரும் களரியிலேயே நிற்பர். திகிற்படத்தார் பிற்காலத்தில் கண்டறிந்தவற்றுட் பல இங்கே பன்னெடுங்காலமாக நிலைபெற்றுள்ளன. அரசன் ஒருவனது கொலு தொடங்குமுன் கட்டியகாரன் தோன்றுகிறான். வருபவன் இன்னான், இத்தகைய ஆற்றலுடையான், அவன் வருமிடத்தை ஒழுங்குசெய்க என்று அவன் முழங்குகிறான். வருபவன் இன்னும் வரவில்லை. அவனைப் பற்றிய சொல் வந்துவிட்டது. அவனுக்கு அஞ்சும் ஒருவனும் வந்துவிட்டான். வெற்றிடமாகக் கிடக்கும் களரி இப்பொழுது வெற்றிடம் அன்று. ஒருவனுக்காக ஒழிக்கப்பட்ட இடம்.

அதன்மேல் வரவுப்பாட்டு எழும். ஒவ்வொரு வகைப் பாத்திரத்துக்கும் உரிய தாளக்கட்டு வேறு. அரசனுக்குரியது பெண்ணுக்கு ஆகாது. கூத்தில் ஊறிய முதியோர் கண்ணை மூடியிருந்தும் மத்தளத்தைக் கேட்டே வருபவர் யாரென அறிவர். சில வரவுகளில் பாத்திரத்தைத் துணியால் மறைத்துக் களரிக்குக் கொணர்தலும் உண்டு. கேரளத்துக் கதகளியில் இம்முறை இன்னும் விரிந்துள்ளது. அரக்கர் முதலிய கடும்பாத்திரங்கள் திரையின் பின்னே நின்று அலறியும், திரையைப் பற்றி ஆட்டியும், மெல்லத் தாழ்த்தி முகங்காட்டியும் வருதல் ‘திரைநோக்கு’ எனப்படும்.

கூத்துக் காண்போர் அனைவரும் கதையை அறிந்தவர். கர்ணன் வீழ்வான் என்பதும் வாலி மறைந்து எய்யப்படுவான் என்பதும் அங்கிருக்கும் சிறுவனுக்கும் தெரியும். அவ்வாறாயின் பதகளிப்பு எங்ஙனம் பிறக்கும்? என்ன நிகழும் என்பதன்று அவர்களது வினா, எப்பொழுது என்பதே. ஹிச்கொக்கின் குண்டுபோலக் கதையின் முடிவு அவர்களிடம் முன்னரே கொடுக்கப்பட்டுள்ளது. அதனால் கட்டியகாரனின் நகைச்சுவையும் கொலுவின் நீண்ட ஆடலும், மேசைமேல் நிகழும் பயனற்ற உரையாடல்போலவே தொழிற்படுகின்றன. இந்நீட்சியைச் சோர்வு தருவதென்று கருதியவர் பலர். அவர்களுள் நல்லறிஞரும் உளர். அது பின்னர்க் கூறப்படும்.

நாடகத்தின் தொடக்கத்தைப் பற்றித் தமிழில் முறையாகச் சிந்தித்தவருள் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் முதன்மையானவர். 1926இல் வெளிவந்த அவரது ‘மதங்க சூளாமணி’, தமிழ் மெய்ப்பாட்டு மரபையும் வடமொழித் தசரூபகத்தையும் செகசிற்பியார் என்று அவர் தமிழ்ப்படுத்திய ஷேக்ஸ்பியரின் பன்னிரு நாடகங்களையும் ஒருங்குவைத்து ஆராய்கிறது. மூன்று மரபுகளையும் ஒரே அளவுகோலால் நோக்கலாம் என்னும் துணிவு அந்நூலின் பெருமை. அவ்வழி நின்று ‘ஹம்லெற்’ நாடகத்தின் முதற்காட்சியைப் பார்த்தால் திகிற்படக் கலையின் சுருக்கம் அங்கே கிடைக்கும். நள்ளிரவு, கோட்டை மதில், கடுங்குளிர். காவல் மாற்ற ஒருவன் வருகிறான். வருவோனை யாரென வினவ வேண்டியவன் காவலில் நிற்பவன். இங்கோ வந்தவனே காவலனை வினவுகிறான். முறை தலைகீழானது. ஆவி இன்னும் தோன்றவில்லை. அதனைப் பற்றிய பேச்சும் எழவில்லை. ஆயினும் அவ்விடத்தில் ஏதோ பிழை நிகழ்ந்துள்ளதென்பது முதல் அடியிலேயே புலனாகிவிடுகிறது.

ஓசைக்கு வருவோம். மட்டக்களப்பை மீன்பாடும் தேன்நாடு என்பது வழக்கு. கல்லடிப் பாலத்தருகே, காற்றடங்கிய நிலவிரவில், தோணியை நிறுத்தித் தண்டை நீரில் ஊன்றி அதன் மறுமுனையிற் செவியை வைத்தால் அடியிலிருந்து ஓர் இன்னோசை எழுவதைக் கேட்கலாம் என்பர். 1848இல் இங்கு வந்த ஜேம்ஸ் எமர்சன் டெனென்ற் தாம் கேட்டதைப் பின்னர் நூலில் எழுதினார். மீனென்று சிலரும் சிப்பியென்று சிலரும் கூறினர். அவ்வோசை இனியதெனினும் அதனைக் கேட்போர் குரலைத் தாழ்த்திக்கொள்வர். தோன்றுமிடம் தெரியாத ஒலி எதுவாயினும் செவியைக் கூர்மையாக்கிக் கண்ணை அலையவிடும். பிரெஞ்சு ஆய்வாளர் மிஷேல் சியோன் திரைப்பட ஒலியை ஆராய்ந்தபொழுது இத்தகைய மூலம் காணா ஒலிக்குரிய தனிப்பெயரை எடுத்தாண்டார். அப்பெயர் கிரேக்கத்திலிருந்து வந்தது. பைதகரஸ் திரைக்குப் பின்னிருந்து பாடஞ் சொல்ல மாணவர் குரலை மட்டும் கேட்டனர் என்ற பழங்கதையை ஒட்டியது. ஆசிரியர் இறையெனப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

‘ஜோஸ்’ படத்தின் தொடக்கம் முழுவதும் இவ்வுண்மையின்மேல் நிற்கிறது. இரவில் கடலில் இறங்கி நீந்துகிறாள் ஒரு பெண். கமெரா நீரின் அடியிலிருந்து அவளை நோக்குகிறது. ஜோன் வில்லியம்ஸ் அமைத்த இசையில் இரண்டு சுரங்களே மாறிமாறி, மெல்லத் தொடங்கி விரைந்து வருகின்றன. அவள் இழுக்கப்படுகிறாள், கத்துகிறாள், நீர் அமைதியடைகிறது. சுறா காட்டப்படவேயில்லை. படப்பிடிப்பிற்கென அமைத்த பொறிச்சுறா அடிக்கடி பழுதுற்றமையால் அதனை மறைத்தே எடுக்கவேண்டியதாயிற்று, குறையே குணமாயிற்று. அவ்விலங்கின் முழுவுருவம் ஒருமணி நேரத்துக்குப் பின்னரே வெளிப்படும். அதுவரை அதற்கு உருவமாக நிற்பது அவ்விரு சுரமே. மத்தளத்தைக் கேட்டே வருபவனை அறியும் கூத்துப்பார்வையாளர்க்கு இந்நுட்பம் புதிதன்று; இங்கே தாளம் அறிவித்தவன் வந்துசேர அத்துணை நேரம் ஆவதில்லை என்பதே வேற்றுமை.

மரபை மாற்றியமைத்தும் தொடங்கலாம். ‘ஹலோவீன்’ படத்தின் முதற்காட்சி கொலைஞனின் கண்வழியே காட்டப்படுகிறது. வீட்டைச் சுற்றிவருதலும், அடுக்களையிற் கத்தியை எடுத்தலும், மாடியேறுதலும், முகமூடி அணிதலும், கொல்லுதலும் அவன் நோக்கிலேயே நிகழ்கின்றன. காண்போன் விரும்பாமலே அக்கண்ணாகிறான். பின்பு முகமூடி நீக்கப்படுகிறது. நிற்பவன் ஆறு வயதுச் சிறுவன். விக்ரம் குமார் 2009இல் ஆக்கிய ‘யாவரும் நலம்’ இன்னும் அடக்கமானது. புதுமனை புகும் குடும்பத்தில் பால் நாள்தோறும் திரிகிறது. மின்தூக்கி அவ்வீட்டுத் தலைமகனுக்கு மட்டும் இயங்க மறுக்கிறது. இருளுமில்லை, மழையுமில்லை, தொடர்மாடியின் பகல்வெளிச்சம். பால்காய்ச்சிக் குடிபுகும் வழக்கமுள்ள நாட்டில் திரிந்த பாலைப் போல நெஞ்சைக் குளிர்விப்பது வேறொன்றில்லை. வெளிநாட்டுப் பார்வையாளன் அதனைப் பால்காரன் குறையென எண்ணி நகைக்கவுங்கூடும்.

மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் 1939இற் பிறந்த பாலுமகேந்திராவையும் இங்கு நினைத்தல் வேண்டும். கித்துள்கலையில் ‘பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படம் எடுக்கப்பட்ட காலத்தில் இளைஞராய் அங்குச் சென்றபொழுது, இயக்குநர் டேவிட் லீன் மழை வேண்டுமெனக் குரல்கொடுக்க உடனே மழை பெய்யக் கண்டதாகவும், அன்றே தம் வாழ்க்கைத்தொழில் இதுவெனத் துணிந்ததாகவும் அவர் பின்னாளிற் கூறுவதுண்டு. திகிற்படத் தொடக்கங்களில் பெய்யும் மழை அனைத்தும் அவ்வாறு ஏவப்பட்ட மழையே. ஆனால் அவர் 1980இல் ‘மூடுபனி’யை எடுத்தபொழுது ஏவல்மழையை நாடவில்லை. ‘சைக்கோ’வின் சாயலுடைய அப்படம் இளையராஜாவின் நூறாவது படமாகவும் அமைந்தது. விலைமகளிரைக் கொல்லும் சந்துரு என்பான் அதன் நடுநாயகம். அவனை அவ்வாறு ஆக்கியது தாயைத் துன்புறுத்திய தந்தையின் ஒழுக்கம். கள்வர் எனத் தொல்காப்பியர் கூறிய நிலைக்களனின் வேரை இறை என்ற நிலைக்களனிற் காட்டுவது இக்கதை. பேயில்லை, அரக்கனில்லை, மெல்லிய குரலும் படித்த முகமும் உடைய ஓர் இளைஞன் வருகிறான். அவன் வரவுக்குக் கட்டியம் கூறுவார் எவருமில்லாமையே அச்சந் தருகிறது.

திரைக்கு வெளியேயும் இம்மரபுகள் தொழிற்படுதலைக் கிழக்கு மாகாணம் கண்டது. 2011 ஓகஸ்ட் மாதத்தில், போர் முடிந்து ஈராண்டே கழிந்திருந்த நிலையில், உடலிற் கிறீஸ் பூசிய மர்ம மனிதன் இரவில் வந்து பெண்களைத் தாக்குகிறான் என்னும் செய்தி ஊர்தோறும் பரவிற்று. கிறீஸ் பூதம் என்று பெயரும் இடப்பட்டது. மாலையானதும் கதவுகள் அடைபட்டன. பெண்கள் தனித்திருக்க அஞ்சினர். ஆடவர் தடிகளுடன் விழித்திருந்து காவல் காத்தனர். சில இடங்களில் பொதுமக்களுக்கும் படையினர்க்கும் இடையே மோதலும் விளைந்தது. நாய் குரைத்தல், கூரையில் ஓசை, வேலியோரத்து அசைவு ஆகிய ஒவ்வொன்றும் திகிற்படத்தின் முதற்காட்சியில் உள்ளவாறே பொருள்கொள்ளப்பட்டன. பேய்க்கதை கேட்டு வளர்ந்த மூடமக்களின் மருட்சி என்று இதனைத் தொலைவிலிருந்து இகழ்ந்தவர் உளர். அது நேர்மையான கூற்றன்று. நாய் குரைத்தபின் கதவு தட்டப்பட்டதையும், தட்டியவரோடு சென்றவர் மீளாமையையும் இம்மக்கள் முன்னைய பல்லாண்டுகளில் கதையாகக் கேட்டவரல்லர். அவர்க்கு மரபு முதற்காட்சியைக் கற்பிக்கவில்லை, வாழ்க்கை கற்பித்தது. அணங்கு, கள்வர், இறை என்ற மூன்றுள் வந்தது எதுவெனப் பிரித்தறிய இயலாமையே அவ்விரவுகளின் கொடுமை.

அத்தகைய மக்கள் திகிற்படத்தை ஏன் விரும்பிப் பார்க்கின்றனர் என்னும் வினா எழுதல் இயல்பு. ஒரு விடை கூறலாம். படத்தில் இரண்டரை மணி நேரத்தில் பேய் தோன்றியேயாகும். தோன்றியபின் அதற்கொரு பெயரும் காரணமும் முடிவும் உண்டு. தொடக்கக்காட்சி ஒரு வாக்குறுதி. வாழ்க்கையில் தொடங்கிய அச்சங்கள் பல அவ்வாறு முடித்துவைக்கப்படவில்லை. கூத்திலும் விடியலில் களரி கலையும். இறந்த கர்ணன் முகப்பூச்சைக் கழுவிக்கொண்டு வீடு செல்வான்.

இவ்விடத்திலேயே முன்னர்க் குறித்த கருத்துவேறுபாடு எழுகிறது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962இல் ‘கர்ணன் போர்’ கூத்தையும், அதனையடுத்து ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ முதலியவற்றையும் மேடையேற்றினார். இரவு முழுதும் ஆடப்பட்டதனைச் சில மணி நேரத்துள் அடக்கி, வட்டக்களரியினின்றும் ஒருபுறம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்தார். கற்றோரால் நாட்டார் ஆட்டமென ஒதுக்கப்பட்டிருந்த கலைக்கு அவர் தேடித்தந்த மதிப்பு அளவிறந்தது. அவர் முயன்றிலரேல் இன்று இதனைப் பற்றிக் கல்லூரி மலர்களில் எழுதுவார் இலர். ஆயினும் சுருக்குமிடத்து முதலில் வெட்டுண்டவை வரவின் நீட்சியும் மீண்டும் மீண்டும் வரும் ஆடலுமே. சலிப்பு நீங்கிற்று, காத்திருத்தலும் உடன்நீங்கிற்று. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் அவரோடு இணைந்த ஊர்க்கூத்தரும் கூத்தை ஊரிலேயே, அதன் களரியிலேயே வைத்து மீளுருவாக்க முனைந்தமைக்குக் காரணங்கள் பல. சமூகத்துக்கும் கலைக்கும் உள்ள உறவே அவற்றுள் முதன்மையாகப் பேசப்பட்டது. அச்சச்சுவை நோக்கிற் பார்த்தாலும் அவர்கள் பக்கம் வலுவுண்டு.

ஏனெனில் படச்சட்ட மேடையில் நடிகன் வருமிடம் இரண்டே, இடப்பக்கமும் வலப்பக்கமும். காண்போன் இருக்கையிற் சாய்ந்து, இருளில், தனக்கு முன்னே மட்டும் நோக்கியிருக்கலாம். தன் முதுகுப்புறம் காவலுடையது என்ற உறுதி அவனுக்குண்டு. சினிமாக் கொட்டகையும் அவ்வுறுதியைத் தருகிறது. அதனைக் கெடுப்பதற்கே படத்தார் ஓசையைப் பின்புறமிருந்தும் வரச்செய்கின்றனர். வட்டக்களரியைச் சூழ்ந்திருப்போர்க்கு அவ்வுறுதி எப்பொழுதும் இல்லை. கூத்தன் அவர்களது கூட்டத்தின் நடுவே விடப்பட்ட வழியால் வருகிறான். கட்டியம் முடிந்து மத்தளம் மாறியதும் எல்லோரும் களரியை விட்டு அவ்வழிப்பக்கம் திரும்புவர். வழியோரம் பாயில் அமர்ந்திருந்த சிறுவன் திரும்புமுன் சலங்கையோசை அவன் தோளருகே வந்துவிடும். அவன் முதலிற் காண்பது தன்னைக் கடந்துசெல்லும் அரசனின் முகத்தையன்று, முதுகையே.